தம்பிஐயாவின் மீன்தோல் தொழிற்சாலை

நெல்லியடிச் சந்தையில் மீன் வாங்குவது தம்பிஐயா. வீட்டில் வெட்டுவது அவர் மனைவி மீனாம்பிகை. கலியாணமான கிழமையிலிருந்து இதுதான் சட்டம். அந்தக் கிழமை அவர் வெட்டிய விளைமீனைப் பார்த்து, "கோழி கிளறின மாதிரிக் கிடக்கு" என்று மீனாம்பிகை சொல்ல, அவளுடைய பெரியண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இனி மீனில் கத்தி வைப்பதில்லை என்று தம்பிஐயா அன்றைக்கே சபதம் எடுத்தார். பெரியண்ணை செத்தும் போனார். சபதம் சாகவில்லை.

போன மாசியில் மீனாம்பிகை கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இனிக் குந்தியிருக்க ஏலாது. நீங்கள் வெட்டினால் மீன். இல்லாட்டி மரக்கறி."

"மரக்கறிக்கு என்ன குறை?"

கத்தரிக்காய். பயித்தங்காய். மறுபடி கத்தரிக்காய். தம்பிஐயாவின் மீசையே வாடிப்போனது. ஆனாலும் மனிதர் அசையவில்லை.

ஒரு பின்னேரம் மீனாம்பிகை போனைப் பார்த்தபடி சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"மீன்தோல், செதில், முள்ளிலையிருந்து ஜெலற்றின் எடுக்கிறாங்களாம். மாத்திரைக் கூடு, ஜெலி, ஐஸ்கிறீம் எல்லாத்துக்கும் போடுறாங்களாம். நாங்கள் பூனைக்கு எறியிறம்."

"காட்டு, பாப்பம்."

"உங்களுக்குச் சரிவராதப்பா. பெரியண்ணை இருந்தால் செய்து காட்டியிருப்பார்."

அவ்வளவுதான். விடிய முதல் பஸ்ஸில் தம்பிஐயா சந்தையில் நின்றார்.

மீன் வெட்டுவது வேறு, மூலப்பொருள் எடுப்பது வேறு என்று சபதத்தைச் சமாதானப்படுத்திவிட்டுக் கிணற்றடியில் பலகை போட்டார். செதில் சுரண்டினார். தோலைக் கிழியாமல் உரித்தார். நடுமுள்ளைக் கழற்றினார். மிஞ்சிய சதை அவருடைய தொழிலில் கழிவு. அந்தக் கழிவை மீனாம்பிகை சட்டியில் ஏந்திக்கொண்டு குசினிக்குப் போனாள்.

தோலை வினாகிரித் தண்ணீரில் ஊறவிட்டு, அலசி, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் வைத்து, வடித்து, பிறிஜ்ஜுக்குள் வைத்தார். மறுநாள் எடுத்தால் தடிமன் பிடித்தவன் மூக்கு ஒழுகுவதுபோல ஓடியது.

"தோல் காணாதப்பா," என்றாள் மீனாம்பிகை. "பக்கத்து வீட்டு றஜிதாவிட்டையும் கேக்கட்டே?"

"கேள். ஆனால் தோலை உரிச்சு அனுப்ப வேண்டாம் எண்டு சொல்லு. உவையள் கிழிச்சுப்போடுவினம். முழு மீனாய் வரட்டும்."

முழு மீனாய் வந்தது; சுத்தமாக்கின சதை அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போனது. றஜிதாவுக்குப் பிறகு எதிர்வீட்டு லூர்த்தம்மா வந்தாள். பிறகு ஒழுங்கையில் இருந்த வீடுகள் முழுக்க வந்தன. மத்தியானம் வரை தம்பிஐயா குனிந்த தலை நிமிரவில்லை. அவரைச் சுற்றி ஊர்ப் பூனைகள் மகாநாடு கூடின.

ஒரு காலை பிறிஜ்ஜைத் திறந்தவர் துள்ளிக் குதித்தார். இறுகியிருந்தது! கண்ணாடிபோல. கரண்டியால் தட்டினால் நடுங்கியது.

"இஞ்சை வந்து பாரப்பா! உன்ரை அண்ணை இருந்தாலும் இப்பிடிச் செய்திருப்பாரோ?"

"செய்யமாட்டார், செய்யமாட்டார்," என்று மீனாம்பிகை குழம்பைத் துழாவினாள்.

அந்த நேரம் வாசல் படலையில் ஒரு மோட்டார்சைக்கிள் நின்றது. தெரியாத பெடியன். கொழும்புக் கொம்பனிக்காரன்தான், ஜெலற்றின் விலை பேச வந்திருக்கிறான் என்று நினைத்துத் தம்பிஐயா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

"வாரும் தம்பி. எங்கையிருந்து வாறீர்?"

"மருதனார்மடம், ஐயா. உங்கடை வீட்டம்மா பஸ்ஸிலை சொன்னவ." பெடியன் பையைத் திறந்து பெரிய பாரைமீன் ஒன்றைத் தூக்கினான். "தோலும் முள்ளும் நீங்கள் எடுங்கோ. துண்டை மட்டும் குழம்புக்கு அளவாய் வெட்டித் தந்தால் காணும்."