உப்பில்லாமல் முடிந்த சம்பந்தம்

மைத்துனர் நடராசன் அவர்களுக்கு அத்தான் துரைராசு ஆசிகளுடன் எழுதுவது. இங்கே ஆற்றில் தண்ணீர் நலம், குறுவைப் பயிர் நலம், உங்கள் அக்கா கமலாம்பாள் மிக மிக நலம். என் நாக்கைத் தவிர இந்த வீட்டில் எல்லோருமே நலமாகத்தான் இருக்கிறோம். பொன்மலையில் நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன். அதைக் கேட்கும்போது கொஞ்சம் பொறாமையும் வருகிறது, மறைப்பானேன்.

மாப்பிள்ளை, நீங்கள் எனக்கு இரண்டு உபகாரம் செய்தீர்கள். பொங்கலுக்கு வந்திருந்தபோது நான் களத்தில் தலை சுற்றி உட்கார்ந்ததைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் கூத்தாநல்லூர் டாக்டர் மீரா உசேனிடம் என்னை இழுத்துக்கொண்டு போனது ஒன்று. பிறகு ஒரு தரம் வந்தபோது, நம் பெண் தங்கமணிக்கு அரசப்பன் மகன் சாமிதுரையைக் கேட்கலாம் என்று பேச்செடுத்தது மற்றொன்று. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல காரியம். இரண்டையும் ஒரே வருஷத்தில் செய்திருக்க வேண்டாம் என்பதுதான் என் மனத்தாங்கல்.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "அடிக்கடி கோபம் வருமா?" என்று கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். தஞ்சாவூர் ஜில்லாவில் நிலம் வைத்திருப்பவனுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும். அறுப்புக் கூலி என்று வரப்பில் ஒரு கொடி, குத்தகை என்று தாசில்தார் ஆபீசில் ஒரு வாய்தா, நடுவில் போலீஸ் ஜீப்பு. சர்க்கார் உழுகிறவன் பக்கம் என்கிறது, எங்கள் மிராசுதார் சங்கத்துக்காரர்கள் வா மறியலுக்கு என்கிறார்கள், ரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் என் கையில் இல்லை, உப்பை மட்டும் குறையுங்கள்" என்றார். குறையுங்கள் என்றுதான் சொன்னார். உங்கள் அக்கா காதில் நிறுத்துங்கள் என்று விழுந்திருக்கிறது.

அன்றைக்கு வீட்டில் கருவாடு போயிற்று, அப்பளம் போயிற்று, மோர்மிளகாய் போயிற்று, நார்த்தங்காய் ஊறுகாய் இருந்த ஜாடி நெல் குதிருக்குள் போய்விட்டது. நீராகாரம் குடித்தால் மழைத் தண்ணீரைக் குடித்த மாதிரி இருக்கிறது. ரசத்தைப் பற்றி எழுதினால் அழுகை வரும், விட்டுவிடுகிறேன். போன மாதம் பங்காளி வீட்டுக் காரியமாகக் கோடியக்கரைப் பக்கம் போனேன். அங்கே உப்பளத்தில் மலை மலையாக உப்பு, கேட்பார் இல்லை, காவல் இல்லை. யாரும் பார்க்காமல் ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். ஒரே கசப்பு. துப்பிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வேட்டி மடிப்பில் ஒட்டியிருந்த உப்புப் பரலை உங்கள் அக்கா துவைக்கும்போது கண்டுபிடித்துவிட்டாள். "இதுக்குத்தான் அம்புட்டுத் தூரம் பஸ்ஸு ஏறிப் போனீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயில் ருசியில்லை.

இந்த வியாதி வெளியே தெரியக்கூடாது என்று மட்டும் நான் கறாராகச் சொல்லியிருந்தேன். கலியாணத்துக்குப் பெண்ணை வைத்துக்கொண்டு அப்பனுக்கு ரத்தக் கொதிப்பு என்று ஊரில் பேச்சு கிளம்பினால் என்ன ஆகும். நாளைக்குப் பெண்ணுக்கும் வரும், பேரப்பிள்ளைக்கும் வரும் என்று நாலு பேர் முடித்துவிடுவார்கள். அதிலும் இந்தச் சம்பந்தம் சாதாரணச் சம்பந்தமா. அரசப்பன் எனக்கு மச்சான் முறைதான், என் தெற்குத்தாக்கு வயலை வெகுகாலமாகக் குத்தகைக்குச் செய்தவர்தான். ஆனால் புதுச்சட்டம் வந்ததும் தாசில்தார் ஆபீசுக்குப் போய்க் குத்தகைப் பதிவில் தன் பெயரை ஏற்றிக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வக்கீலைப் பார்த்தேன், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றோடு அவர் போகிற வரப்பில் நான் போவதில்லை, நான் குளிக்கிற படித்துறையில் அவர் குளிப்பதில்லை. பையனோ தங்கமான பையன், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, பீடி சிகரெட்டு கிடையாது. தங்கமணிக்கும் மனசு அங்கேதான் என்று அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அந்தப் பெண்ணுக்காகத்தான் மாப்பிள்ளை, நான் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஆவணி பிறந்ததும் அரசப்பன் வீட்டு வாசல்படி ஏறினேன்.

பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால் சம்மதம், நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் அத்தோடு முறிந்தது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாராவது சொல்லித் தெரிய வேண்டியவன் நானாகத்தான் இருந்திருக்கிறேன். புது வேட்டி கட்டினேன், வெற்றிலை பாக்கு பூ பழம் எல்லாம் எடுத்து வைத்தேன், பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உப்பு ஞாபகம் வந்தது. அரசப்பன் எனக்கு நேர் எதிரில். பையனின் அக்காள் பெரிய வாளியோடு என் பக்கத்திலிருந்து சாம்பார் ஊற்றிக்கொண்டு வருகிறாள். கதவோரம் நின்ற உங்கள் அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுகிறாள், புருவத்தைத் தூக்குகிறாள், முகவாயை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டுகிறாள். ஒரு சொட்டு சாப்பிட்டாயோ தொலைந்தாய் என்றுதானே அதற்கு அர்த்தம். நான் பயந்துபோய் இலையின் மேல் இரண்டு கையையும் விரித்து, "சாம்பார் வேண்டாம்மா" என்றேன். ரசமா என்றார்கள், அதுவும் வேண்டாம் என்றேன். மோராவது என்றார்கள். மோரில் உப்புப் போட்டுக் கலக்கியதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன், அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அரசப்பன் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏங்க, எங்க வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிக்கிட்டே வந்தீங்களா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. வயிறு கொஞ்சம் சரியில்லை."

"வயிறு சரியாத்தான் இருக்கும். வயலு பதிஞ்ச கோவம்தான் இன்னும் செரிக்கல போலருக்கு."

ஊற்றிக்கொண்டால் டாக்டர் பேச்சு போச்சு, வியாதியைச் சொன்னால் சம்பந்தம் போச்சு, சும்மா இருந்தாலும் போச்சு. கூடத்து ஓரத்தில் சாமிதுரை சோற்றில் கை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போய்த் தங்கமணியிடம் என்னவென்று சொல்வது என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரி, உயிர் போனாலும் போகட்டும், பெரிய வாளியையே கூப்பிடுவோம் என்று தலையைத் தூக்கினேன்.

அப்போதுதான் அரசப்பனுடைய இலை கண்ணில் பட்டது. மற்ற எல்லா இலையிலும் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு. அவர் இலையில் இல்லை. ஊறுகாய் இல்லை, அப்பளம் இல்லை. அவர் மனைவி நீலாம்பாள் எதிர்ப் பந்தியின் கடைசியில் ஒரு சின்னப் பாத்திரத்தோடு நின்று அவருக்கு மட்டும் சாம்பார் ஊற்றியிருக்கிறது. அவர் கோபத்தோடு கோபமாக ஒரு கவளத்தை வாயில் போட்டு, நாக்கில் படாமல் நேரே தொண்டைக்கு அனுப்பினார் பாருங்கள். பொங்கலிலிருந்து தினமும் இரண்டு வேளை நான் வைத்துக்கொள்கிற முகம் அது. அந்த முகத்தை என்னிடம் மறைக்க முடியுமா.

"தங்கச்சி, அந்தச் சின்னப் பாத்திரத்துல இருக்குறத எனக்கும் ஊத்து" என்று நீலாம்பாளைக் கேட்டேன்.

அரசப்பன் கை பாதியில் நின்றுவிட்டது. "அதுல ஒண்ணும் இல்லீங்களே" என்றார்.

"அதுல இல்லாததுதாங்க எனக்கும் இருக்கக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார், என் இலையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மச்சான், உங்களுக்குமா?" என்றார். பதிவு நடந்த பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் மச்சான். நான் தலையை ஆட்டினேன். நீலாம்பாள் வந்து ஊற்றியது, நான் பிசைந்து சாப்பிட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தச் சாம்பார் எனக்கு ருசித்தது. புறப்படும்போது வாசல் வரை வந்தவர், தெற்குத்தாக்கு வயலைப் பற்றி என்னவோ சொல்ல வாயெடுத்தார். சின்னஞ்சிறுசுகள் பார்த்துக்கொள்ளும், நாம் எதற்குக் கொதிப்பை ஏற்றிக்கொள்வது என்று நானே முடித்துவிட்டேன். வருகிற முகூர்த்தத்தில் நிச்சயம், தையில் கலியாணம். தங்கமணி இரண்டு நாளாகக் காலைத் தரையில் வைத்து நடக்கவில்லை.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், சமயத்தில் என் கண் மட்டும் அந்த இலையில் படாமல் போயிருந்தால் காரியம் கெட்டிருக்கும். உங்கள் அக்காவை நம்பினால் ஆகுமா. அவளுக்குக் கண்ணை உருட்டத்தான் தெரியும், ஒரு பந்தியைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொள்கிற சாமர்த்தியம் எல்லாம் கிடையாது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பும் ஆசியும். சகல சௌபாக்கியங்களும் பெற்று, சாப்பாட்டில் எதுவும் குறையாமல் வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
துரைராசு

பின்குறிப்பு: தம்பி நடராசா, அக்கா எழுதுறேன். அத்தான் இந்த இன்லண்டை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார். மடிப்பில் இடம் இருந்துச்சு, வீணாப் போவானேன்னு எழுதுறேன். கூத்தாநல்லூர் டாக்டர் வீட்டுப் பெஞ்சுல நான் இவருக்கு மருந்து வாங்க உட்கார்ந்திருப்பேன், நீலாம்பா அண்ணி அவங்க வீட்டுக்காரருக்கு மருந்து வாங்க உட்கார்ந்திருப்பாங்க. ஆம்பளைங்க ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சப்பவே, தங்கமணிக்குச் சாமிதுரைன்னு நாங்க அங்கேயே பேசி முடிச்சாச்சு. அதுக்கு அப்புறம்தான் உன் காதுல போட்டேன், நீயா யோசிச்சதா நீயும் நெனச்சுக்கிட்டே. அந்தச் சின்னப் பாத்திரத்துல ரெண்டு பேருக்குன்னு அளந்துதான் சாம்பார் வச்சிருந்தோம். பெரிய வாளி இவரைத் தாண்டிப் போகணும்னு பொண்ணுகிட்டயும் சொல்லி வச்சிருந்தோம், இவர் இலையை மூடாம சும்மா இருந்திருந்தா சின்னப் பாத்திரம் அடுத்தது இவர் இலைக்குத்தான் வந்திருக்கும். அதைத்தான் நான் கண்ணால காட்டினேன், மனுசன் மிரண்டுட்டார். இதையெல்லாம் அவர்கிட்ட எழுதிடாதே. தானே கண்டுபிடிச்சோம்ங்கிற சந்தோஷத்துல பிரஷர் நல்லா இறங்கியிருக்குன்னு டாக்டர் சொல்றார்.