தேர் நாளில் ஒளிந்த சப்ளையர்கள்

மூன்றாம் மேசைக்குத் தோசை கொண்டு போன பொன்னுராஜ் பாதி வழியில் திரும்பி, தட்டோடு அடுக்களைக்குள் ஓடி வந்தான்.

"என்னலே, தோச வேண்டாங்கிறாகளா?" என்றார் தனுஷ்கோடி.

"அண்ணாச்சி, அங்கன எங்க பெரியம்மா உக்காந்திருக்கு."

"இருக்கட்டும். பெரியம்மாவுக்குப் பசிக்காதா?"

"மதுரையில ஆபீசு வேலைன்னு வீட்டுல சொல்லியிருக்கேன்."

அவன் பின்னாலேயே ஐயாதுரையும் வந்தான். அவன் மில்லில் வேலை என்று சொல்லியிருந்தானாம். சாம்பார் வாளியை நடுக்கூடத்தில் போட்டுவிட்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

அன்று ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். சுற்றுவட்டாரச் சனம் அத்தனையும் பஸ் ஏறி வந்திருந்தது.

ராஜபாளையத்தில் பதினெட்டு வருஷம் வாளி தூக்கியவர் அவர். சுப்புராஜ் முதலாளி இங்கே தேரடிப் பக்கம் புது ஓட்டல் திறந்தபோது, ஆள் பிடித்துப் பழக்கும் வேலையை அவரிடம் கொடுத்தார். பட்டணத்துக்காரனை நம்ப முடியாது. தொழில் படிந்ததும் அடுத்த கடைக்குத் தாவிவிடுவான். கிராமத்தானையும் நம்ப முடியாதுதான், ஆனால் அவனுக்கு எந்தப் பஸ்ஸில் ஓடுவதென்று தெரியாது. இப்படிக் கணக்குப் போட்டு, தேவதானத்திலும் சேத்தூரிலும் எட்டுப் பேரைப் பொறுக்கி ஒரு மாசம் பழக்கினார். ஊரில் என்ன சொல்லிவிட்டு வந்தார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. எச்சில் இலை எடுக்கிறவனுக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?

முதலாளி முந்தின நாளே சொல்லிவிட்டார்: "தேரன்னைக்குக் கடை ஒழுங்கா ஓடுனா, ராஜபாளையத்துல தொறக்கப்போற ரெண்டு கடைக்கும் நீருதான் ஆள் எடுக்கணும். ஓடலேன்னா பழையபடி வாளிதான்."

"சரி, கேளுங்கலே. தேவதானத்து ஆளு வந்தா சேத்தூரான் போ. சேத்தூர் ஆளு வந்தா தேவதானத்தான் போ" என்றார் தனுஷ்கோடி.

பத்து நிமிஷம் ஓடியது. அந்த இரண்டு ஊரும் தலைமுறை தலைமுறையாகப் பொண்ணு கொடுத்து எடுத்த ஊர்கள் என்பது அவருக்கு மறந்துபோயிற்று.

"அண்ணாச்சி, எங்க மதினி!"

"அண்ணாச்சி, அங்க சித்தப்பா!"

இப்போது உள்ளே ஆறு பேர் நின்றார்கள்.

"வாயில துண்டக் கட்டிக்கிட்டுப் போங்கலே! கண்ணு மட்டும் தெரிஞ்சா எந்தச் சித்தப்பனுக்கு அடையாளம் தெரியும்?"

துண்டு கட்டிய ஆறு பேரைக் கண்டதும் ஒரு பெஞ்சு முழுக்க எழுந்துவிட்டது. "ஊருக்குள்ள காலராவாய்யா? சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று ஒரு பெரியவர் கை கழுவாமலே வெளியேறினார்.

கல்லாவிலிருந்து முதலாளி கத்தினார்: "தனுஷ்கோடி! இதென்னய்யா, கொள்ளக் கூட்டத்தையா வேலைக்கு வச்சிருக்கீரு?"

வேறு வழியில்லாமல் இட்லிச் சட்டியையும் சாம்பார் வாளியையும் கூடத்தின் நடுவில் வைத்து, "இன்னைக்கு அவங்கவங்களே எடுத்துக்கிடலாம்!" என்று அறிவித்தார். கால் மணியில் இரண்டும் காலி. சட்னி கேட்டு சனம் அடுக்களைக்கே வந்தது. எட்டுப் பேரும் மூலை மூலையாய் ஒளிந்தார்கள்.

முதலில் உள்ளே நுழைந்தவர் வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம். கையில் காலிக் கிண்ணம்.

"போச்சு! தேவதானத்து மாமனாரு மொக்கைச்சாமி" என்று வெங்காய மூட்டைக்குப் பின்னாலிருந்து முனகினான் பொன்னுராஜ். "அவரு கோயமுத்தூர் மில்லுல மேஸ்திரி. சங்கதி தெரிஞ்சா பொண்ணக் கூட்டிட்டுப் போயிருவாரு."

மொக்கைச்சாமி மூட்டையைப் பார்த்தார். மூட்டைக்குக் கீழே கால் தெரிந்தது.

"மாப்ள, வெளிய வாங்க."

தலையில் வெங்காயச் சருகோடு எழுந்தான் பொன்னுராஜ்.

"ஐயா, தப்பு என்னுது. நாந்தான் கூட்டியாந்தேன். இந்தப் பயலுக போனா என் பொழப்பும் போச்சு" என்று கும்பிட்டார் தனுஷ்கோடி.

மொக்கைச்சாமி கூடத்தை எட்டிப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். கையை மடித்துவிட்டு, இடது கையில் ஐந்து தட்டு அடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

தேவதானத்துக்காரர்கள் வாய் பிளந்தார்கள். "பாத்தியா, மேஸ்திரின்னு ஒரு கெத்து உண்டா? தேர் நாள்ல பந்தி விசாரிக்கிறது புண்ணியம்லா!" என்றாள் ஒரு கிழவி.

மாமனாரே பரிமாறும்போது மருமகன் எப்படி ஒளிந்திருப்பான்? பொன்னுராஜ் போனான். அவன் போனதும் மற்ற ஏழு பேரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெரியம்மா இரண்டு தோசை சேர்த்துக் கேட்டாள்.

மத்தியானம் கூட்டம் வடிந்தது. "உம்ம பயக தேவலய்யா. ராஜபாளையத்து ரெண்டு கடைக்கும் நீரே ஆளெடும்" என்றார் முதலாளி.

தனுஷ்கோடிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் எதையும் சும்மா நம்புகிற ஆளா அவர்? கை கழுவிக்கொண்டிருந்த மொக்கைச்சாமியை ஒதுக்குப்புறமாக மடக்கினார்.

"பதினெட்டு வருசத்துல எனக்கே நாலு தட்டுக்கு மேல நிக்காது. மில்லு மேஸ்திரிக்கு இந்தக் கை எங்கன வந்துச்சு?"

மொக்கைச்சாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெதுவாப் பேசும்வே, அந்தா கடிகாரம் கட்டிக்கிட்டு வெத்தல போடுதானுகளே எங்க ஊரு மில்லுக்காரனுக, அம்புட்டுப் பேரும் கோயமுத்தூர் ஓட்டல்ல எனக்குக் கீழ எல எடுக்கிற பயலுகதான்!"