ஆல்சீசன் அண்ணாச்சி வாங்கிய கூடாரம்

கோவில்பட்டியில் குடியிருந்துகொண்டு பனிப்புயலுக்குப் பயந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் டெஸ்பாட்ச் பார்த்த ஆல்சீசன் அண்ணாச்சி. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயரே தீப்பெட்டி ஆபீஸ்தான். அண்ணாச்சிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை.

சித்திரை மாதம் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும் ஊர் எங்கள் ஊர். அந்த வெயிலில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு என்னிடம் கேட்பார்.

"ஏலே, ராத்திரி பூரா பனி கொட்டி, கூரை மேல ரெண்டடி நின்னுச்சுன்னு வை. கூடாரத்துக் கம்பி தாங்குமா?"

"தாங்கும் அண்ணாச்சி. பனி வரட்டும், பாத்துக்கிடுவோம்."

"வரட்டும்ங்கான் பாரு! வந்த பெறகு யோசிக்கிறவன் கூடாரம் வாங்கலாமாலே?"

இவ்வளவுக்கும் காரணம் பழைய பேப்பர். கப்பலில் வந்திறங்கும் வெளிநாட்டுக் கழிவுக் காகிதக் கட்டு ஒன்றில் கூடார விற்பனைப் புத்தகம் ஒன்று அவர் கையில் சிக்கிவிட்டது. நமக்கெல்லாம் அந்தக் கட்டில் வடை மடிக்கக் காகிதம் கிடைக்கும். அவருக்கு வாழ்க்கையே கிடைத்தது. பனிமலை, அதன் அடியில் மஞ்சள் கூடாரம், வாசலில் காமிராவோடு தாடிக்காரன் ஒருவன். அன்றிலிருந்து அண்ணாச்சி தாடி மட்டும்தான் வைக்கவில்லை, அதுவும் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, விடாததால்.

அண்ணாச்சி அடிப்படையில் போட்டோகிராபர். அதாவது, ஒரு காமிரா வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து என்று யாராவது கூப்பிட்டால், "நான் ஆளை எடுக்கிறவன் இல்ல. நெலத்தை எடுக்கிறவன்" என்று அனுப்பிவிடுவார். சரி, நிலத்தையாவது எடுத்தாரா என்றால் அதுவும் இல்லை. முதலில் கூடாரம் முடிவாக வேண்டும். எதற்கு அண்ணாச்சி கூடாரம், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ரெண்டு படம் எடுத்துவிட்டு வரலாமே என்று ஒருதரம் வாயைக் கொடுத்தேன்.

"வெளிச்சம் நாம போற நேரத்துக்கு வராதுலே. அது வார நேரத்துக்கு நாம அங்கன கெடக்கணும்" என்றார். பதில் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

இதில் அவருக்கு ஒரு வைராக்கியமும் இருந்தது. வடக்கேயிருந்து வந்த வியாபாரி ஒருவரை மணியாச்சியில் ரயிலிறக்கிக் காரில் கூட்டிவரும் வேலை ஒருநாள் அண்ணாச்சிக்கு விழுந்தது. வந்தவர் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் அடுத்த வண்டியிலேயே அதை மறந்திருப்பார். அண்ணாச்சி மறக்கவில்லை. எங்கள் முதலாளி வருஷா வருஷம் போடும் ஆபீஸ் காலண்டரிலும் சுவிட்சர்லாந்து மலைதான் இருக்கும். அதற்கும் எங்கள் தீப்பெட்டிக்கும் உள்ள உறவை இன்றுவரை யாரும் விளக்கவில்லை. அந்த இடத்தில் நம்ம கரிசல் காடு ஒன்று வரவேண்டும், பார்க்கிறவன் வாயடைத்து நிற்க வேண்டும். இதுதான் அண்ணாச்சியின் ஆசை. மற்ற எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதல் கூடாரத்தை லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்தார். இடியே விழுந்தாலும் தாங்கும் என்று தைத்தவர் உத்தரவாதம் கொடுத்தார். ஆனால் புத்தகத்தில் எடை குறைவாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்ததே! ஆபீஸ் தராசில் ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. லோடுமேன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணாச்சி, இதத் தூக்குததுக்கு ஒங்க வீட்டையே தூக்கிட்டுப் போயிரலாம். தின்னுபோட்டுப் படுக்கக் கட்டிலாவது இருக்கும்."

இரண்டாவது, நைலான் துணியும் குடைக்கம்பியும் சேர்த்து அவரே செய்தது. காற்றுக்குத் தாங்குமா என்று பார்க்க, ஆடி மாதம் கயத்தாறு பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே கொண்டுபோய் நட்டார். கோடிக்கணக்கில் போட்டு இறக்கை சுற்றவிடுகிறவர்கள் தேடிப் பிடித்த காற்று அது. கூடாரம் ஒருமுறை வயிற்றை உப்பியது. பிறகு எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது. கிழக்கே பனைமரங்களுக்கு மேலே அது போவதை இருவரும் நின்று பார்த்தோம். மனிதர் முகத்தில் வருத்தமே இல்லை.

"பாத்தியாலே," என்றார் பெருமையாக. "வெயிட்டே இல்ல."

மூன்றாவதுதான் அசல். சிங்கப்பூரிலிருந்து மச்சினன் கொண்டுவந்தான். கவிழ்த்த சட்டி மாதிரி உருவம், ஆரஞ்சு நிறம், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகும் எடை. உறையில் ஆல் சீசன், அதாவது நான்கு பருவத்துக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை அவர் ஆபீஸில் ஒருவர் விடாமல் காட்டியதில்தான் ஆல்சீசன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நம்ம ஊரில் நான்கு பருவம் ஏது என்று கேட்டேன்.

"ஏன் இல்ல? வெயில், கடும் வெயில், காத்து, பெறகு மழை வரும்னு ரேடியோல சொல்லுத காலம்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

கூடாரத்தில் தண்ணீர் இறங்குமா என்று பார்க்க வேண்டுமல்லவா? மழைக்குக் காத்திருந்தால் ஓய்வு பெற்றுவிடுவோம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூடாரத்தை விரித்து, குடம் குடமாக அதன் தலையில் ஊற்றினார். குழாயில் தண்ணீர் வருவதே திருவிழா மாதிரி எப்போதோ ஒருநாள் என்றிருந்த ஊரில் இதைச் செய்ய அசாத்தியத் துணிச்சல் வேண்டும். தெருப் பெண்கள் அத்தனை பேரும் வெறுங்குடத்தோடு வந்து அண்ணாந்து நின்றார்கள். அக்கா மாடியேறி வந்தாள்.

"புள்ளையளுக்குத் தல முழுக வைக்கத் தண்ணி இல்ல. நீங்க கூடாரத்தக் குளிப்பாட்டுதீயளோ?"

"உள்ள ஒரு சொட்டு எறங்கல, பாரு!"

"எறங்காது. ஒங்க மண்டையிலயும்தான் எறங்க மாட்டேங்கு."

அதற்குப் பிறகும் அவர் திருப்தியடையவில்லை. கூடாரத்தை இழுத்துக் கட்டுகிற முளை சரியில்லை என்று ஆரம்பித்தார். கோடையில் கரிசல் மண் வெடித்துக் கிடக்கும். விரிசலில் முளையை வைத்தால் அது பாதாளத்துக்குப் போய்விடும். மழையில் அதே மண் களியாகி, இறக்கிய முளையைத் திருப்பிக் கொடுக்காது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு முளை கண்டுபிடிக்கிறேன் என்று பட்டறை பட்டறையாக அலைந்தார். காமிராவுக்குள் போட்ட பிலிம் சுருள் அப்படியே கிடந்து வயதாகிக்கொண்டிருந்தது.

கடைசியில் முதலாளிக்கே பொறுமை போய்விட்டது. "இந்தப் பங்குனிக்குள்ள படத்தக் கொண்டாங்க, போட்டுருதேன். இல்லன்னா அந்தப் பேச்ச விட்டுருங்க. அடுத்த வருசத்துல இருந்து காலண்டரே கெடையாது, மகன் டைரி போடப் போறான்" என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி முகத்தில் ஈயாடவில்லை. அந்த வாரமே கூடாரத்தை ஒரு தோளிலும் காமிராவை இன்னொரு தோளிலும் மாட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பசுவந்தனை பஸ் ஏறினார்.

ஊரைத் தாண்டி ஒரு மிளகாய்க் காட்டில் இறங்கினோம். மாரித்தாய் என்ற அம்மாள், பறித்த பழத்தையெல்லாம் களத்தில் காயப்போட்டிருந்தாள். கறுத்த மண்ணுக்கு நடுவே களம் முழுக்கச் சிவப்பு. அதைப் பார்த்ததும் அண்ணாச்சியின் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. காட்டோரம் ஆரஞ்சுக் கூடாரம் எழும்பவும் மாரித்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

"காத்தாடி நடுத கம்பெனியா நீங்க? நெலம் குடுக்கதா இல்ல, சொல்லிட்டேன்."

"நெலம் வேண்டாம் தாயி. ஒரு படம் எடுத்துக்கிட்டுப் போயிருதோம்."

"எதப் படம் எடுக்கப் போறீய?"

"இந்த வத்தலத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள், இவருக்கு எப்போதிருந்து இப்படி என்கிற மாதிரி. நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அங்கே மேற்கில் மேகம் ஒன்று கறுத்து ஏறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் காற்று நின்றது. மேகம் பாதி வானத்தை மூடி, அதற்குக் கீழே ஒரு விரற்கடை மட்டும் திறந்திருந்தது. சூரியன் அந்த இடைவெளிக்கு இறங்கினால் போதும். அண்ணாச்சி காமிராவை முக்காலியில் பூட்டிவிட்டு, பொத்தானில் விரலை வைத்தபடி மூச்சுவிடாமல் நின்றார். "இன்னும் செத்த நேரம்லே. வந்துரும். வந்துரும்" என்று முணுமுணுத்தார்.

முதலில் வந்தது வெளிச்சமல்ல, தூறல். மாரித்தாய் ஓடிவந்து படுதாவை இழுத்தாள். அது களத்தில் பாதிக்குத்தான் எட்டியது. மீதிப் பாதி, அவளுடைய அந்த வருஷத்துச் சாப்பாடு, அப்படியே கிடந்தது. காய்ந்த வத்தலில் மழை இறங்கினால் நிறம் வெளுத்துவிடும், சந்தையில் ஒருவன் தொடமாட்டான். அவள் முந்தானையை விரித்துக்கொண்டு நடுவில் நின்றாள், அதை வைத்து எதை மூடுவது என்று தெரியாமல்.

அண்ணாச்சி காமிராவை விட்டுவிட்டு ஓடினார். முளைகளைப் பிடுங்கக்கூட நிற்கவில்லை. கயிறுகளை அவிழ்த்து, கம்பிகளை உருவி எறிந்தார். சட்டி உருவத்துத் துணி விரியுமா? சுருட்டிக்கொண்டு நின்றது.

"தாயி, பன்னருவாளக் குடு!"

வாங்கி, தையலோடு ஒரே இழுப்பு. பனிக்கும் புயலுக்கும் பரீட்சை வைத்து, துணியைத் தடவித் தடவி, தராசில் ஏற்றி இறக்கித் தேர்ந்தெடுத்த கூடாரம் நடுவில் பிளந்து பாயாக விரிந்தது. நான் முக்காலி பக்கத்திலேயே நின்று கத்தினேன்:

"அண்ணாச்சி, வெளிச்சம் வருது! மூடிட்டா படமே இல்ல!"

"காமிராவ விடுலே! அந்த மூலையப் புடி!"

பிடித்தேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து வத்தல் மேல் போர்த்தினோம். மழை கொட்டியது. நனைந்து ஒழுகிக்கொண்டு அவர் மூலைக்கு மூலை மண்ணாங்கட்டி வைத்துக்கொண்டிருந்தார். மாரித்தாய் துணியைக் கிள்ளிப் பார்த்து, "நைசா இருக்கே, தாங்குமா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். அந்த மழையில் நின்றபடியே கூடாரத் துணியின் குணநலன்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். மேற்கே என்ன நடக்கிறதென்று அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஒரு சொட்டு இறங்கவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் முதலாளி படத்தைக் கேட்டதற்கு, "மழை பேஞ்சிட்டு மொதலாளி" என்று மட்டும் சொன்னார். நான் மற்றதைச் சொல்ல வாயெடுத்தேன். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். அந்த வருஷமும் சுவிட்சர்லாந்துதான் வந்தது.

ஆனால் அந்த ராத்திரி பஸ்ஸை நான் மறக்கவில்லை. மடியில் ஈரக் காமிரா. கூடாரத்தை மாரித்தாயிடமே விட்டுவந்துவிட்டார். வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நீ மேக்க பாத்துத்தான நின்ன? எப்படிலே இருந்துச்சு?"

அந்த மனிதரிடம் ஒரு கேள்விக்காவது நான் கிண்டலில்லாமல் பதில் சொன்னதில்லை. அன்று சொன்னேன். மேகத்துக்குக் கீழே சூரியன் வந்து நின்றதை, மழைக்கம்பி ஒவ்வொன்றும் பொன்னாகத் தெரிந்ததை, கறுத்த காடு முழுக்க ஒரு நொடி செம்பு நிறத்தில் பளபளத்ததை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். கோவில்பட்டி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். நான் பார்த்தது தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை.