அறுநூறு வெள்ளைத் துலிப்பும் லுப்பெர்ட்டின் கண்ணும்

இந்த வருஷம் செம்புப் பூவாளி தன் வீட்டு ஜன்னலுக்கு வந்தே தீர வேண்டும் என்று லுப்பெர்ட் முடிவு கட்டிவிட்டார்.

வீட்டுத் தோட்டப் போட்டியில் ஜெயித்தவருக்கு அந்தப் பூவாளி. ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம். மூன்று வருஷமாக அது எதிர்வீட்டு பாரெண்டிடமே குடியிருக்கிறது. எங்கள் ஊரில் எவனும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. ஆகவே லுப்பெர்ட் உருளைக்கிழங்கைப் பிசைந்து வாயில் வைக்கும்போதெல்லாம் எதிரே அது பளபளவென்று நின்று பல்லிளிக்கும். பாரெண்ட் அதைத் தினமும் துடைப்பார். துடைக்கும்போது இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே துடைப்பார்.

லுப்பெர்ட்டும் சாதாரண ஆள் இல்லை. ஹார்லெம் நகருக்குத் தெற்கே இருக்கிற துலிப் வயல்களில் முப்பத்தெட்டு வருஷம் நோய் தேடுகிற வேலை பார்த்தவர். வெயிலில் கண் கூசாமல் இருக்கக் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, வரிசை வரிசையாகக் குனிந்து நடப்பார். இதழில் நூல் கனத்துக்குக் கோடு விழுந்திருந்தால் போதும், நோய் என்று கிழங்கோடு பிடுங்கிவிடுவார். ஒரு தடவை பாரெண்டின் வயலிலேயே நாலு வரிசையைப் பிடுங்கவைத்தார். பிடுங்கவைத்ததோடு விட்டாரா? ஆறு மாசம் காப்பிக் கடையில் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

அவருக்கு இப்போது முழங்கால் மடங்காது. போன நவம்பரில் அறுநூறு வெள்ளைத் துலிப் கிழங்குகளையும் மண்டிபோட்டு நட்டவள் மனைவி யோக்கே. இவர் பின்னால் நின்று கயிறு பிடித்தார். சும்மா நட்டுக் கொடுத்துவிடுகிற பெண்ணா அவள்?

"ஏங்க, பூச்சித்திரப் போட்டிக்கு எங்க தெரு சார்பா பூவாலேயே ஒரு அன்னம் பண்றோம். ரெண்டு ஆள் உயரம். வெள்ளைப் பூ வேணும். இந்தப் பூ அத்தனையும் எனக்குத்தான். சம்மதமா?"

"எடுத்துக்கோயேன். பூவை வெச்சிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? பூ நின்னா கிழங்கு இளைச்சுப் போயிடும்."

உண்மையும் அதுதான். நாற்பது வருஷமாகப் பூத்த மறுநாளே தலைகளைக் கொய்து உரக்குழியில் போட்டுவிடுகிற மனிதர். தன் வீட்டு வாசலில் ஒரு துலிப் வாடி உதிர்ந்து யோக்கே பார்த்ததே கிடையாது.

ஆனால் ஏப்ரலில் அறுநூறும் ஒரே நாளில் விரிந்தன. உப்பிப் போன வெள்ளை. தெருவில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டில் பாரெண்ட் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அது போதாதா? லுப்பெர்ட்டுக்கு நெஞ்சு விம்மிவிட்டது. இரண்டு போட்டியும் ஒரே சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் யோக்கே குண்டூசிப் பெட்டியை எடுத்து வைத்தபோது அவர் தொண்டையைக் கனைத்தார்.

"இந்தா பாரு யோக்கே, இந்த வருஷம் பூவுல யாரும் கை வைக்கக் கூடாது."

"என்னங்க இது? நவம்பர்ல என்ன சொன்னீங்க?"

"நவம்பர்ல சொன்னது நவம்பரோட போச்சு."

"எங்க தெருப் பொம்பளைங்க மரச்சட்டமெல்லாம் அடிச்சு வெச்சிட்டாங்க. நான் போய் என்ன மூஞ்சியைக் காட்டுறது?"

"அன்னத்துக்குப் பதிலா காக்கா பண்ணுங்க. நிலக்கரி போதும்."

யோக்கே குண்டூசிப் பெட்டியை மூடினாள்.

"சரிங்க," என்றாள்.

கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் அவள் இத்தனை சுருக்கமாகச் சம்மதித்ததே இல்லை. வேறொரு புருஷனாக இருந்தால் அப்போதே உஷாராகியிருப்பான். லுப்பெர்ட் ரொட்டியில் இன்னொரு துண்டு பாலாடைக்கட்டி வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் வழக்கம்போல ஒரு குட்டித் தூக்கம் போட்டார். எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்வையிட இறங்கினார். முதல் வரிசை சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதில் ஏழாவது பூவின்மேல் குடையைச் சாய்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கோடு. இதழின் அடியிலிருந்து நுனிவரை ஊதாச் சிவப்பில் இழை இழையாகக் கோடு.

முழங்கால் மடங்காத மனிதர் சட்டென்று மண்டிபோட்டார். பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இரண்டு. எண்ணிப் பார்த்தால் இருபத்துமூன்று.

"யோக்கே," என்று கூப்பிட்டார். "அடியே யோக்கே, இங்க வாடி."

அவள் இடுப்பில் கட்டிய சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க, முகம் இப்படி வெளிறிப் போச்சு? அட, இந்தப் பூ அழகா இருக்கே. கோலம் போட்ட மாதிரி."

"அழகா? நோய்டி இது. நோய் வந்துடுச்சு. என் தோட்டத்துல. என் தோட்டத்துல நோய்."

"ஒண்ணு ரெண்டு இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"இருபத்துமூணு இருக்கு. மெதுவாப் பேசு."

சொல்லி வாய் மூடவில்லை, தெருவிலிருந்து பாரெண்டின் குரல் வந்தது.

"என்ன லுப்பெர்ட், மழையே இல்லையே, குடை எதுக்கு?"

லுப்பெர்ட் கோடு விழுந்த பூக்களுக்கு முன்னால் தன் மேல்சட்டையை விரித்து மறைத்து உட்கார்ந்துகொண்டார்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு."

"வெயிலா? நான் கம்பளிச் சட்டை போட்டுட்டு நிக்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, பூ பிரமாதம். நாளைக்குக் காலையில வந்து கிட்டத்துல பார்க்கலாமா?"

"வாங்களேன்," என்றாள் யோக்கே. "காப்பி போட்டு வைக்கிறேன்."

பாரெண்ட் போனதும் லுப்பெர்ட் மனைவியைப் பார்த்த பார்வையில் கண்ணீரே வந்துவிட்டது.

"அவனை எதுக்குடி கூப்பிட்டே? அவன் இதைப் பார்த்தா நான் சாகிற வரைக்கும் காப்பிக் கடைப் பக்கம் போக முடியாது. ஊர் வயலெல்லாம் நோய் தேடினவன் சொந்த வாசல்ல கோட்டை விட்டுட்டான்னு சொல்வான். கல்லறையில கூட எழுதி வைப்பான்."

"அந்த இருபத்துமூணை மட்டும் பிடுங்கிடுங்க."

"நடுநடுவே ஓட்டை விழுமே. ஓட்டையைப் பார்த்தா இந்த ஊர்ல குழந்தைக்குக் கூடத் தெரியும், நோய் பிடுங்கினதுன்னு. இன்னும் எத்தனை பூவுல நாளைக்குக் கோடு கிளம்புமோ." ஒரு பூவின் கழுத்தைப் பிடித்துப் பார்த்தார். "பூ இருந்தாத்தானே கோடு. மொத்தத் தலையையும் கொய்துடலாம். இருபத்துமூணைப் பிடுங்கின இடத்துல மண்ணைத் தள்ளி இலையைச் சாய்ச்சு விட்டுடலாம். பூ இல்லாத பாத்தியில ஓட்டையை எவன் தேடப் போறான்?"

"ஐயோ, பூவாளி?"

"பூவாளி போய்த் தொலையட்டும். கேட்டா, நான் கிழங்கு வளர்க்கிறவன், பூவைக் காட்டிப் பேர் வாங்குறவன் இல்லைன்னு சொல்லிடறேன்."

முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவன் நோயை ஊரறியச் சொன்ன மனிதர், சாயங்காலம் ஆறு மணிக்குள் தன் அறுநூறு பூவையும் தானே கிள்ளினார். இடுப்பு விட்டுப்போயிற்று. யோக்கே பின்னாலேயே மீன் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு பெட்டி நிறைந்தால் அடுத்த பெட்டி தயார். அத்தனை பெட்டி வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

"இதையெல்லாம் கண்காணாத இடத்துல போட்டுடு," என்றார்.

"அது என் பொறுப்புங்க. நீங்க போய்ப் படுங்க."

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. காலையில் பாரெண்ட் வந்து, மொட்டைத் தண்டுகளைப் பார்த்து, வாய் பிளந்து, இரண்டு கோப்பை காப்பி குடித்துவிட்டுப் போன சத்தம் மாடிக்குக் கேட்டது.

சனிக்கிழமை முகத்தைக் காட்டாவிட்டால் சந்தேகம் வருமே என்று தேவாலய மைதானத்துக்குப் போனார். போனவர் வாசலிலேயே நின்றார். மைதானத்தின் நடுவில், இரண்டு ஆள் உயரத்துக்கு, ஒரு வெள்ளை அன்னம் கழுத்தை வளைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் யோக்கே குண்டூசிகளை வாயில் கடித்துக்கொண்டு கடைசி இறகுக்குப் பூக் குத்திக்கொண்டிருந்தாள்.

லுப்பெர்ட் ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தார்.

"பைத்தியமா உனக்கு? நோய்ப் பூவைக் கொண்டுவந்து ஊர் நடுவுல நிறுத்தியிருக்கியே. இறக்கு. உடனே இறக்கு."

யோக்கே ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

"நோயெல்லாம் இல்லீங்க. பீட்ரூட் சாறு."

"என்னது?"

"பீட்ரூட். முதல்ல இதழ்ல ஒட்டாம வழுக்கிச்சு. பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்டேன், பிடிச்சுக்கிச்சு. நீங்க குறட்டை விட்டப்போ பெயின்ட் பிரஷ்ஷால இழுத்தேன். நீங்க எழுந்திருக்கறதுக்குள்ள முப்பது போடணும்னு பார்த்தேன், இருபத்துமூணுதான் முடிஞ்சுது. அதையெல்லாம் தனியா எடுத்து உரக்குழியில போட்டுட்டேன், அன்னத்துல சேர்க்கலை."

லுப்பெர்ட் அவள் முழங்கையை உதறினார்.

"துரோகி. இப்பவே பாரெண்டைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்றேன். எனக்கு வர வேண்டிய பூவாளியைக் கேட்டு வாங்குறேன்."

"தாராளமாச் சொல்லுங்க. ஆனா எந்தப் பூவுல கோடு பார்த்தேன்னு சேர்த்தே சொல்லுங்க."

"வெள்ளைப் பூவுல..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றார்.

"ஆமா, வெள்ளைப் பூவுல. வெள்ளையிலயும் மஞ்சள்லயும் நோய் வந்தாலும் பூவுல கோடே விழாது, இலையைத்தான் பார்க்கணும்னு வயல்ல புதுசா சேர்றவனுக்கு முதல் நாளே சொல்லித் தர்றது யாருங்க?"

முப்பத்தெட்டு வருஷமாக அவர்தான் சொல்லித் தந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தி, மனப்பாடமாகச் சொல்லித் தந்தார். இப்போது வாய் திறந்தால் பாரெண்டுக்கு நாலு வரிசைக்குப் பதிலாக நாற்பது வருஷத்துக்குக் கதை கிடைக்கும்.

அந்தச் சமயத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. தோட்டப் பரிசு பாரெண்டுக்கு. பூச்சித்திரத்தில் முதல் பரிசு யோக்கேயின் அன்னத்துக்கு. கைதட்டல் அடங்கியதும் நடுவர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அன்னத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். நான்காவது தடவையாகப் பூவாளியை இடுக்கிக்கொண்டு பாரெண்டும் பின்னாலேயே வந்தார். நடுவர் அம்மாள் லுப்பெர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இத்தனை பூவுல ஒண்ணுல கூட ஒரு கோடு இல்லையே. உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு ஊரே சொல்லுது. நிஜம்தான் போலிருக்கு."

பாரெண்டும் ஆமாம் என்று தலையாட்டினார். யோக்கே கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் அனுபவம்தாம்மா," என்றார் லுப்பெர்ட்.