கீழ் வீட்டு இங்கிலீஷும் என் கைத்தடியும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் உன் மனைவியும் நலமாகத்தான் இருப்பீர்கள். உனக்கு ஒரு தும்மல் வந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும், ஒரு வாரமாக வரவில்லை. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இனி விஷயம்.

கீழ் வீட்டில் நீ குடிவைத்த இங்கிலீஷ் வாத்தியார் இந்த மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கிறேன் என்று பேனாவைத் திறக்காதே. இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், போனில் நீ பேசுகிற தமிழ். "பார்த்துட்டு..." என்பாய். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்பாய். "சரிக்கா, இப்ப கடைக்குப் போயிட்டு..." என்று வைத்துவிடுவாய். பார்த்துவிட்டு என்ன செய்வாய்? கேட்டுவிட்டு எங்கே போவாய்? உன் வாயிலிருந்து ஒரு வாக்கியம் முற்றுவினையில் முடிந்து நான் கேட்டதே இல்லை. என்னைக் கன்னியாஸ்திரிகளிடம் படிக்க வைத்த அப்பா உன்னை ஏன் அங்கே சேர்க்கவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அது பெண்கள் பள்ளி என்பது ஒன்றுதான் காரணம். அந்த சிஸ்டர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

"சத்தமே இல்லாத மனுஷன்க்கா, இருக்கிற இடம் தெரியாது" என்று சொல்லித்தானே அவரைக் கொண்டுவந்தாய்? வாத்தியார் சத்தமில்லாதவர்தான், நான் மறுக்கவில்லை. தினமும் சாயங்காலம் அவரிடம் படிக்க வருகிறார்களே, ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், சலவைக் கடைக்காரர், இன்னும் அறை கொள்ளாமல் வளர்ந்த ஆட்கள், அவர்களைப் பற்றி நீ மூச்சு விடவில்லை. எல்லோரும் நாள் முழுக்க உழைத்துவிட்டுக் களைத்து வருகிறார்கள். தொண்டை மட்டும் எப்படியோ களைக்காமல் வந்து சேர்கிறது. இந்த மாதம் முழுக்கப் பார்ட்டிசிப்பிள், இன்ஃபினிட்டிவ், ஜெரண்ட். அதாவது முடியாத வினைகள், நீ பேசுவதைப் போல. நான் காப்பியை வாயில் வைக்கும்போது என் காலுக்கடியிலிருந்து கும்பலாக "ஹேவிங் வென்ட்!" என்று கிளம்புகிறது. ஹேவிங் வென்டாம்! எங்கள் மதர் சுப்பீரியர் காதில் விழுந்திருந்தால் அன்றைக்குப் பள்ளிக்கே விடுமுறை விட்டுப் பிரார்த்தனைக்கு உட்கார்த்தியிருப்பார். அடுத்த நாள், "என்டரிங் த கிச்சன், த மில்க் பாயில்ட் ஓவர்" என்று எல்லோரும் ஒரே குரலில். சமையலறைக்குள் நுழைந்தது யார்? பால். பால் கால் வைத்து நடந்து வந்து, தானே அடுப்பில் ஏறி உட்கார்ந்து, தானே பொங்கியிருக்கிறது. இதை ஒரு ஆள் சொன்னால் அறியாமை, ஒரு அறையே சேர்ந்து சொன்னால் அராஜகம்.

பொறுத்துப் பார்த்தேன். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பஞ்சைத் தாண்டி வந்தது. கடைசியில் உன் அத்தானின் கைத்தடியை எடுத்துத் தரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். தம்பி, கீழே அப்படியே அடங்கிப்போயிற்று. ஒரு நிமிஷம் கழித்து ஒரே ஒரு பெண் குரல், பயந்து பயந்து, "ஹேவிங் கான்" என்றது. சரியான விடை! என் கோபம் ஏதோ கொஞ்சம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தவறு காதில் விழும்போதெல்லாம் தட்டினேன். தட்டினால் அடங்குவார்கள், திருத்துவார்கள், மறுபடி கத்துவார்கள். இதனால் நான் படுகிற பாட்டைக் கேள். சாயங்காலம் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. கண் டாக்டரிடம் போக வேண்டிய நாளைத் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் அன்று இன்ஃபினிட்டிவ் ஆரம்பம், முதல் நாளே கோணலாகப் போனால் பிறகு நிமிர்த்த முடியாது. எதிர்வீட்டு டெய்லரம்மா பேச வந்தால், "அப்புறம் வா, இப்போது கீழே ஜெரண்ட் ஓடுகிறது" என்று கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. சொந்த வீட்டில் ஒரு மனுஷி நிம்மதியாக உட்கார்ந்து அக்கம்பக்கத்து வம்பு பேச முடியாத நிலை. இதற்கெல்லாம் யார் பொறுப்பு? நீ.

போன வாரம் அடுப்பங்கரையில் ஒரு கரப்பான் பூச்சி ஓடியது. செருப்பால் அடித்தேன், முதல் அடி தப்பிவிட்டது, இரண்டாவதில் முடிந்தது. கீழே யாரோ ஒருவர் அப்போதுதான் "ஐ என்ஜாய் ஸ்விம்மிங்" என்று அழகாகச் சொல்லியிருந்தார். அடி விழுந்ததும் "ஐ என்ஜாய் டு ஸ்விம்" என்று மாற்றினார். இரண்டாவது அடி விழுந்ததும் "ஐ என்ஜாய் ஸ்விம்" என்றார். நல்லவேளை இரண்டாவது பூச்சி இல்லை, இருந்திருந்தால் அந்த மனிதர் நீச்சலையே விட்டிருப்பார். எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். ஆனால் இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைக்கவில்லை.

பிறகு வந்தது நேற்று. "பிளம்பர்கிட்ட சொல்லிட்டு..." என்று நீ ஆறு மாதமாக இழுத்த அந்த பிளம்பர், வந்தது நேற்றுச் சாயங்காலம்தான், கீழே மாதிரித் தேர்வு நடக்கிற நேரம் பார்த்து. குளியலறைக் குழாயைச் சுத்தியலால் போட்டு அடி அடியென்று அடித்தான். அவன் கிளம்பி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, கதவு தட்டப்பட்டது. திறந்தால், சீருடையோடு ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், கண்ணெல்லாம் சிவந்து, கையில் விடைத்தாள்.

"அம்மா, நீங்கதான் மேலிடமா?"

"என்னது?"

"எல்லாமே தப்பாம்மா? ஒண்ணுகூடவா சரியில்ல? நான் அடிச்சு அடிச்சு எழுதி இப்ப தாள்ல இடமே இல்ல. அடுத்த வாரம் நிஜப் பரீட்சை. இதுல தோத்தா வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலை போச்சும்மா. ரெண்டு தடவை தோத்தாச்சு, இது மூணாவது. இன்னொரு தடவை எழுத எங்க வீட்டுல விட மாட்டாங்க."

தாளை வாங்கிப் பார்த்தேன். முதலில் எழுதி, அடித்துவிட்டிருந்த விடைகள் அத்தனையும் சரி. ஒன்றுவிடாமல் சரி. பிளம்பர் அடிக்க அடிக்க ஒவ்வொன்றாகக் கெடுத்திருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கைத்தடியோடு நேராகக் கீழே இறங்கினேன். என்னைப் பார்த்ததும் மொத்த அறையும் எழுந்து நின்றது.

"இங்க என்ன நடக்குது?" என்று கேட்டேன்.

பஸ் டிரைவர்தான் வாயைத் திறந்தார். "அது ஒண்ணுமில்லம்மா. தட்டுனா தப்பு, தட்டலைன்னா சரி. சார்தான் சொன்னாரு, மேலிடம் ஒத்துக்கிட்டாதான் அடுத்த கேள்விக்குப் போகணும்னு."

"மேடம்," என்று வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "முதல் நாள் நீங்க தட்டினப்பவே நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன் மேடம். நீங்க சொன்னதுதான் சரி. அதுக்கப்புறம் நான் புத்தகமே திறக்கல."

"நான் எதையும் சொல்லலையே! சத்தம் போடாதீங்கன்னு தட்டினேன்!"

"அதை எவ்வளவு கரெக்டா தட்டினீங்க மேடம்!" என்றார் சலவைக் கடைக்காரர், பின்வரிசையிலிருந்து.

கேட்டாயா அநியாயத்தை? நான் புகார் செய்திருக்கிறேன், அவர்கள் பாடம் படித்திருக்கிறார்கள். என் எரிச்சலை வைத்து ஒரு மனிதர் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார். அந்த நர்ஸ் பெண் பின்னாலேயே வந்து, "பரீட்சை வரைக்குமாவது தட்டுங்கம்மா" என்றாள். "நான் என்ன உங்க பள்ளிக்கூடத்து மணியா?" என்று கேட்டுவிட்டு ஏறி வந்துவிட்டேன். வாத்தியார் படி வரை ஓடிவந்து, "மேடம், இந்த இடம் போனா எங்களுக்கு வேற இடம் கிடைக்காது. மேற்கூரை முழுக்க அடைச்சுடறேன், ஒரு பொட்டுச் சத்தம் மேல வராது, காலி பண்ணச் சொல்லாதீங்க" என்றார். அடைக்கட்டும். அடைத்தாலும் அவர் போகத்தான் வேண்டும். தவறு காதில் விழாவிட்டாலும் கீழே நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியுமே! இது என் கடைசி வார்த்தை. அந்த ஆள் இருக்க வேண்டும், அல்லது நான் இருக்க வேண்டும். நான் போவதாக இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். அவளுக்குப் பொறுமையும் உனக்கு ஒரு முற்றுவினையும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,

உன் அக்கா.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டுவைத்து இரண்டு நாள் ஆகிறது. அதற்குள் அந்த வாத்தியார் உனக்குப் போன் செய்தாராம், நீயும் கேட்ட கையோடு உன் மரச்சாமான் கடையிலிருந்து ஒரு வண்டி நிறைய சோபாப் பஞ்சு அனுப்பினாயாம். ஆயுளில் முதல் தடவையாகச் சொன்னவுடன் ஒரு காரியம் செய்திருக்கிறாய், அதையும் இப்படியா செய்வாய்? நேற்றுச் சாயங்காலம் மேற்கூரை முழுக்க ஒட்டிவிட்டார்கள். இன்று பாடம் ஆரம்பிக்கும் நேரத்துக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். ஒரு சத்தம் இல்லை. தரையில் குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். எழுந்திருக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. பேசுகிறார்களா, பேசவில்லையா, சரியா, தப்பா, எதுவும் தெரியவில்லை. தட்டினேன். பதில் இல்லை. கைத்தடியின் ரப்பர் மூடி தெறித்துப் போகிற அளவுக்குத் தட்டினேன். அங்கே அந்தப் பெண் என்னத்தை எழுதிக்கொண்டிருக்கிறாளோ, தட்டு விழாததால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருப்பாளோ என்று எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. படியில் பாதி இறங்கி, "எல்லாரும் மேல வாங்க!" என்று கத்திவிட்டேன்.

இப்போது என் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைக் கருணை என்று யாராவது நினைத்தால் கைத்தடி இன்னும் என் கையில்தான் இருக்கிறது. பஸ் டிரைவர் உன் அத்தானின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஆட்டுகிறார், மற்றவர்கள் தரையில். வாத்தியார் கதவோரம் நின்று குறிப்பு எடுத்துக்கொள்கிறார். நர்ஸ் முன்வரிசையில், அவள் இதுவரை ஒரு தவறும் செய்யவில்லை, ஆனால் ஒவ்வொரு விடைக்கும் என் கையைப் பார்க்கிறாள், அந்தப் பழக்கத்தைப் பரீட்சைக்குள் ஒழித்தாக வேண்டும்.

ஆகவே ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிடு. இது கைக்குக் கிடைத்த மறுநாள் காலையே உன் தச்சரை அனுப்பி அந்தப் பஞ்சை எல்லாம் பிய்த்து எடுக்கச் சொல். வரும் வண்டியிலேயே ஒரு அறைக்குத் தேவையான அளவு கைப்பிடி வைத்த நாற்காலிகளும், ஒரு கரும்பலகையும் வரட்டும். பார்த்துட்டு, கேட்டுட்டு, போயிட்டு என்று பதில் எழுதாதே. "அனுப்பினேன்" என்று ஒரே சொல் எழுது. இவர்களுக்கு முற்றுவினைக்கு ஒரு உதாரணம் காட்ட வேண்டியிருக்கிறது.