நாக்கில் ஊர் தேடுகிறவர்

கைரேகை பார்த்துப் பலன் சொல்கிறவர்கள் காசு கொடுத்தால்தான் வாயைத் திறப்பார்கள். நீங்கள் வாயைத் திறந்த மாத்திரத்தில், கேட்காமலே, காசும் வாங்காமலே, உங்கள் ஊரைச் சொல்லிவிடும் இனம் ஒன்று இருக்கிறது. அம்மான் நகரத்துக் காபிக்கடைகளில் மேசைக்கு ஒருவர் வீதம் அகப்படுவார். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் மித்கால்.

அவருடைய சாஸ்திரம் ரொம்பச் சுலபம். மலைக்காரனுக்குக் குளிரில் தொண்டை இறுகிவிடும், அதனால் ஒவ்வோர் எழுத்தும் அடித்தொண்டையில் இடித்துக்கொண்டுதான் வெளியே வரும்; கடலோரத்தானுக்கு ஈரக்காற்றில் நாக்கு ஊறிப்போய்ப் பாதி எழுத்தை விழுங்கிவிடுவான்; பாலைவனத்தான் அடுத்த கூடாரத்துக்குக் கேட்கவேண்டுமென்று கத்தியே பழகியவன்; பள்ளத்தாக்கில் இருப்பவன் வெயிலுக்குச் சோம்பி, சொல்லுக்குச் சொல் இழுப்பான். யார் எங்கே பெண் எடுத்தார்கள், யார் எந்த ஊருக்குச் சரக்கு ஏற்றிப் போனார்கள், யார் ஊரைவிட்டே துரத்தப்பட்டார்கள் என்பதெல்லாம் கணக்கிலேயே கிடையாது. மலை, கடல், மணல். தீர்ந்தது! அவருடைய பேச்சு எந்த ஊராம்? அதற்கு ஊரே கிடையாதாம். அது சுத்தமாம்.

"மித்கால் அண்ணே, உங்க மாடித் தொட்டி வழியுது! தண்ணியெல்லாம் தெருவுல ஓடுது!" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் அலறினார்.

மித்கால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நீ அஜ்லூன் மலைதானே? வடக்குச் சரிவு?"

"தண்ணி, அண்ணே, தண்ணி!"

"அட, வடக்குச் சரிவான்னு கேக்குறேன்ல?"

வாரத்துக்கு ஒருமுறை வருகிற தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குப் போயிற்று. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. வடக்குச் சரிவுதான் என்பது உறுதியாகிவிட்டதே!

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனுஷனைக் கடித்த கதையாக, இந்தப் பைத்தியம் பெற்ற மகளிடமே வந்து நின்றது. ருதைனா மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். கூட வேலை பார்க்கும் யனாலைத் தவிர வேறு யாருக்கும் கழுத்தை நீட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை யனாலின் பெரியப்பா ஷேக் ஃபவ்வாஸ், அவனையும் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தார். காபி வந்தது. ஷேக் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார். பெண்ணின் தகப்பன் "குடியுங்கள்" என்றால் சம்மதம் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைக்காகக் கதவுக்குப் பின்னால் ருதைனா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஷேக் கடவுளைத் துதித்து, இரண்டு குடும்பத்தையும் வாழ்த்தி, அழகாகக் கேட்டு முடித்தார்.

"கரக் மலை," என்றார் மித்கால். "ஆனா உச்சியில்ல. மேற்குச் சரிவு."

வந்தவர்கள் சிரித்தார்கள். ஷேக்கும் சிரித்தார். "சரியாச் சொன்னீங்க. அப்ப, எங்க புள்ளைக்கு..."

"இருங்க. தம்பி, நீ ஏதாவது பேசு."

"என்ன பேசறது, மாமா? உங்க மகளைக் கண்ணுல வச்சுப் பாத்துக்குவேன்."

மித்கால் துள்ளி எழுந்தார். "இது மலையே இல்ல! நாக்குல கடல் வழியுது. மலைக்காரன்னு சொல்லிக்கிட்டு யாரை ஏமாத்த வந்தே?"

யனாலின் முகம் சிவந்துவிட்டது. "எங்கம்மா குடும்பம் கடலோர யாஃபாவுலேர்ந்து அகதியா வந்தவங்க. அம்மா மடியிலதானே பேசக் கத்துக்கிட்டேன்?"

"அப்படிச் சொல்லு! சரக்கு கலப்படம்!"

ஷேக் எழுந்து அங்கியை உதறிக்கொண்டார். "என் தம்பி பொண்டாட்டியைக் கலப்படம்னு சொன்ன வீட்டுல எங்களுக்கு என்ன வேலை? எழுந்திரிங்கப்பா." காபி தொடப்படாமலே ஆறிக்கிடந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ருதைனா வந்தாள். "அப்பா! நான் கெஞ்சினது, அவரு சொன்னது, எதுவுமே உங்க காதுல ஏறலையா? என் வாழ்க்கையையே நாசமாக்கிட்டீங்களே!" தரையில் உட்கார்ந்து கதறினாள்.

மித்கால் தலையைச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்டார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, மகா சந்தோஷத்தோடு சொன்னார்: "பாத்தியா, அழறப்ப மட்டும் இவ உன் ஊரு. அசல் இர்பித் சமவெளி!"

சீ, இப்படியும் ஒரு மனிதனா என்கிறீர்களா? அது கிடக்கட்டும். இவ்வளவு நேரம் நான் சொன்னதைக் கேட்டீர்களா, அல்லது இவன் தமிழ் எந்தப் பக்கத்துத் தமிழ் என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தீர்களா? கண்டுபிடித்துவிட்டீர்களோ? சபாஷ்! காபிக்கடையில் மித்கால் பக்கத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. வாருங்கள், உங்களுக்கு இடம் இருக்கிறது.