பின்னால் வந்த முழங்கால்

கடக்.

யூஜினா டீச்சர் நடையை நிறுத்தினார். சத்தமும் நின்றது. ஆனால் அவர் நின்று ஒரு மூச்சு விட்ட பிறகுதான் நின்றது. அந்த ஒரு மூச்சுத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக் கொரிடோர் நாற்பத்திரண்டு காலடி நீளம். காலை பத்து மணிக்கும் நடுப்பகுதி இருட்டாகத்தான் கிடக்கும். பல்ப் எரிந்துபோய் நாலு மாதம். போன மாதம் ஐந்தாம் வீட்டுச் சீனியம்மாவின் செத்த வீட்டுக்குக் கமிட்டிக்காரர் ஒரு பல்ப் போட்டார்கள். பெட்டி படி இறங்கியதும் அதையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கணவர் பிறெடி கதவுக்கு வெளியே தலையை நீட்டினார். "ஏன் நிக்கிற?"

"ஆரோ பின்னால வாற மாதிரி இருக்கு."

"உன்ட முழங்கால்தான். எண்ணெய் காணாத கதவு கத்தும்தானே. நட."

நடக்கத்தான் வேண்டும். நாளுக்கு இருபது சுற்று என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாத முடிவுக்குள் முழங்கால் ஒழுங்காக மடியாவிட்டால் ஒப்பரேஷன், ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம் படுக்கை. டீச்சருக்குக் கத்திக்குப் பயமில்லை, அந்த ஆறு கிழமைக்குத்தான் பயம். பதினொரு வருடம் கதை அனுப்பி அனுப்பி, இப்போதுதான் ஒரு ஞாயிறுப் பத்திரிகை பேய்த் தொடர்கதை ஒன்று எழுத இடம் கொடுத்திருந்தது. படுத்துக்கொண்டு எழுத அவருக்கு வராது. இரண்டு கிழமை அத்தியாயம் போகாவிட்டால் அந்தப் பக்கத்தை வேறொருவர் கொண்டுபோய்விடுவார்.

உட்கார்ந்து எழுதினால் கால் நீள மறுத்தது. நடந்தால் எழுத நேரம் இல்லை. ஆகவே டீச்சர் நடந்துகொண்டே வசனத்தை முணுமுணுத்து, ஓடி வந்து எழுதினார். பென்ஷன் எடுத்த பிறகு இப்படி ஒரு அவசரம். அவசரத்தில் வாய் தன் பாட்டில் கதைத்தது. மீன்காரனானாலும் சரி, நம்பர் மாறி போன் எடுத்தவனானாலும் சரி, "சரி, போயிட்டு வாறன், நீங்க ஆறுதலா வாங்கோ" என்று மெதுவாக வரச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை.

அன்று பின்னேரம் பிறெடி பிண்டத்தைலம் வாங்கி வந்து சூடு பறக்கத் தேய்த்தார். நோவு பாதியாகக் குறைந்தது. சத்தம் இரண்டு மடங்கானது.

"அப்ப செருப்பாத்தான் இருக்கும்" என்றார் பிறெடி.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். அவருடைய பாதம் சத்தமில்லாமல் விழுந்தது. அதனால் மற்றது சுத்தமாகக் கேட்டது. கடக். பிறகு ஒரு இழுவை. பிறகு மறுபடியும் கடக். கழுத்தடியில் மெல்லிய வெற்றிலை வாசம்.

மறுநாள் செபமாலையை எடுத்துக்கொண்டு உரத்துச் சொல்லியபடி நடந்தார். கதவுகள் திறந்தன. கடைசி வீட்டுப் பர்ஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள். "யாரு டீச்சர் மவுத்து?"

"ஒருத்தரும் சாகேல்ல. முழங்கால்."

"முழங்காலுக்கா ஓதுறீங்க?"

டீச்சரின் கால் கைவிட்ட கேஸ் என்று மாடி முழுக்கக் கதை பரவியது. பின்னேரத்துக்குள் இரண்டு வீட்டிலிருந்து சூப் வந்தது.

ஆனால் பயம் நன்றாக எழுதியது. அன்றிரவு எழுதிய அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் பத்திரிகை ஆசிரியர் சண்முகலிங்கமே போன் எடுத்தார்.

"டீச்சர், அந்தப் பின்னால வாற சத்தம் இருக்கே, வாசகர்கள் நித்திரை கொள்ளேல்லயாம். கடைசி அத்தியாயத்தில அது ஆரெண்டு சொல்லிப்போடுங்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

ஆரென்று தெரிந்தால் நான் ஏன் ஐயா செபமாலையோடு அலைகிறேன் என்று கேட்க நினைத்தார். "சரி, போயிட்டு வாறன், நீங்க ஆறுதலா வாங்கோ" என்று போனை வைத்தார்.

வியாழக்கிழமை கிளினிக்கிலிருந்து நிரோஷா வந்தாள். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பிள்ளை. முழங்காலை மடித்தாள், நீட்டினாள், உள்ளங்கையை வைத்து அமத்திப் பார்த்தாள்.

"அருமையா மடியுது மிஸ். ஒப்பரேஷன் தேவையில்ல. ஆனா இருபது சுற்றை ஒரு நாளும் விடக்கூடாது. விட்டீங்களெண்டா திரும்ப இறுகிடும்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. தொடர்கதை பிழைத்தது. "இந்தச் சத்தம் மட்டும் எப்ப பிள்ளை நிக்கும்?"

"எந்தச் சத்தம்? உங்கட முழங்காலில ஒரு சத்தமும் இல்லையே" என்று சொல்லிவிட்டு நிரோஷா பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பிறெடி வாயிலிருந்த பிஸ்கட்டை விழுங்க மறந்தார். "அப்ப நீ நடக்காத."

"நடக்காட்டி ஒப்பரேஷன்."

"அப்ப நட."

"நீங்களும் வாங்கோ."

"எனக்கு முழங்கால் நோகுது" என்றார் பிறெடி, முப்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக.

டீச்சர் தனியே நடந்தார். மாதாவே மாதாவே என்று சுற்றை எண்ணினார். பத்தொன்பது சுற்று முடிந்தது. இருபதாவதில், இருட்டுப் பகுதியில், ஐந்தாம் வீட்டுக் கதவு திறந்தது. சீனியம்மாவின் மகள் அனுஷியா வெளியே வந்தாள். பல நாள் தூங்காத முகம்.

"டீச்சர், ஒரு உதவி. நாளைக்கு அம்மாவுக்கு முப்பத்தோராம் நாள் காரியம். ஐயர் வர்றாரு."

"கட்டாயம் வாறன் பிள்ளை."

"நீங்க வர்றது இருக்கட்டும். நாளைக்கு ஒரு நாளாவது அம்மாவ வீட்டுக்கு அனுப்பி விடுங்க. அவங்க கைத்தடிச் சத்தமும் வெத்தல வாசமும் எனக்குத் தெரியாதா?"

டீச்சர் நின்றுகொண்டுதான் இருந்தார். பின்னால் அது இன்னும் நிற்கவில்லை. கடக். இழுவை. கடக்.

"நான் என்ன பிள்ளை செய்தனான்?" என்று கேட்டார் டீச்சர்.

அனுஷியா கோபப்படவில்லை. டீச்சரின் தோளுக்குப் பின்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"செத்த வீட்டுல யாரும் சொல்லிக்கிட்டுப் போக மாட்டாங்க டீச்சர். நீங்கதான் அன்னிக்குப் பெட்டிகிட்ட குனிஞ்சு, 'சரி அக்கா, போயிட்டு வாறன், நீங்க ஆறுதலா வாங்கோ'ன்னு சொல்லிட்டுப் போனீங்க."